பரணில் கிடக்கும் கிடாருக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்!

சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தைத் தாண்டிப் போகும் லாரிகளில் எது பழசு, எது புதுசு என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. பல வருஷம் ஓடிய வண்டிக்கும் நாமக்கல் பட்டறையில் புது பாடி கட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டால் மவுசு கூடிவிடும். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு என்பதுதான் இந்த வட்டாரத்துக்குத் தெரிந்த ரிப்பேர்.

லாரிக்கு அது சரி. பழைய கிடாருக்கு அதையே செய்தால் நஷ்டம்தான்.

மாரியம்மன் நோம்பிக்கு மெல்லிசைக் கச்சேரி வாசித்த தலைமுறை ஒன்று உண்டு. அப்படி அப்பாவோ, சித்தப்பாவோ வாசித்துவிட்டு வைத்த எலெக்ட்ரிக் கிடார் சில வீடுகளில் இன்னமும் பரணில் கிடக்கும். அபூர்வமாக அது பன்னிரண்டு தந்தி கிடாராகவும் இருக்கலாம். 'சும்மாதானே கிடக்கு, புதுசு பண்ணிடலாம்' என்று வீட்டுப் பிள்ளைகள் கிளம்பும்போதுதான் கவனம் தேவை.

இரட்டைத் தந்தி மாயம்

பன்னிரண்டு தந்தி என்றால் ஆறு ஜோடி. மெல்லிய ஓசை தரும் இரண்டு ஜோடிகளில் இரு தந்திகளும் ஒரே ஸ்வரம். மற்ற நான்கு ஜோடிகளில் ஒன்று கீழ் ஸ்தாயி என்றால், பக்கத்துத் தந்தி அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. ஒருவர் வாசித்தாலே இரண்டு பேர் வாசிப்பதுபோல் மணி மணியாகக் கேட்கும்.

இந்த ஓசையை உலகத்துக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். 1964 பிப்ரவரியில் நியூயார்க் வந்தபோது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிடார் அவர் கைக்கு வந்தது. அந்த மாடலில் முதன்முதலாகச் செய்யப்பட்ட சிலவற்றில் அதுவும் ஒன்று. அதே வருஷம் வெளியான 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாடலின் ஆரம்பத்தில் 'ஜங்' என்று விழும் அந்த ஒற்றை ஒலி, அதன் கைங்கரியம்தான்.

கழுத்துதான் முதல் நோயாளி

ஆறு தந்தி எலெக்ட்ரிக் கிடாரின் கழுத்தைத் தந்திகள் சுமார் 45 கிலோ விசையில் இழுக்கின்றன. பன்னிரண்டு தந்தியில் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தந்தியைத் தளர்த்தாமல் பரணில் போட்டு வைத்தால், கோடை வெயிலில் ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே பசை இளகும், மரம் சுருங்கும், கழுத்து வில்லாக வளையும்.

சோதிப்பது சுலபம். ஒரு தந்தியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் பிரச்னை இல்லை. அதைவிட அதிகம் என்றால் வளைவு இருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று என்று போவதுதான் முறை. பழைய ரிக்கன்பேக்கரில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதில் இரண்டு கம்பிகள் உண்டு. கையால் கழுத்தை நேராக்கிப் பிடித்துக்கொண்டு அதன்பிறகே நட்டை முடுக்க வேண்டும். நட்டை மட்டும் முரட்டுத்தனமாக முடுக்கினால் விரல் பலகை பெயர்ந்துவிடும்.

'கரகர' சத்தமா?

வால்யூம் திருகும்போது கரகரவென்றால் பெரும்பாலும் உள்ளே தூசிதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது முறை திருகினாலே பாதி நோய் தீரும். அந்தத் திருகியைத் தூக்கி எறியவே கூடாது. அமெரிக்கக் கிடார்களில் திருகியின் முதுகில் ஒரு எண் குத்தியிருக்கும். உதாரணமாக 1376512 என்றால், 137 தயாரித்த நிறுவனம், 65 என்பது 1965, 12 என்பது அந்த வருஷத்தின் 12-வது வாரம். கிடாரின் வயதைச் சொல்லும் சாட்சி அது!

ஓசையே வரவில்லையா? பிக்கப்பை மல்டிமீட்டரில் சோதியுங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் உயிர் இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. ஆனால், இது தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் வேலை. பழகிய கை வேண்டும்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் கூடவே இருந்தால் அதை வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மாற்றலாமா, கூடாதா?

தஞ்சாவூர் வீணைக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு கெட்டுப்போனால் அதை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவார்கள். பலா மரக் குடத்தைத் தொட மாட்டார்கள். தேய்வதை மாற்று, பாடுவதை விட்டுவை என்பதுதான் கணக்கு.

கிடாருக்கும் அதுவே பொருந்தும். தந்தி, துருப்பிடித்த திருகாணி, பிய்ந்த ஒயர் எல்லாம் தேய்பவை. மரமும், வார்னிஷும், பிக்கப்பும் அதன் குரல். சில மாற்றங்கள் நியாயமானவை. பழைய ரிக்கன்பேக்கரில் பன்னிரண்டு தந்திக்கும் ஆறே தாங்கிகள் இருந்ததால் ஜோடி முழுவதும் சுருதி சேராது. வாசிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு தாங்கி உள்ள பாலம் மாட்டலாம். பழைய பாலத்தைப் பத்திரப்படுத்த வேண்டும், புதியதற்காக மரத்தில் ஓட்டை போடக் கூடாது.

பரணில் கிடப்பது குப்பை அல்ல என்பதற்கு ஒரு கணக்கு. பிரிட்டனில் ஒரு வீட்டுப் பரணில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் கிடந்த ஜான் லெனனின் பன்னிரண்டு தந்தி ஃப்ரேமஸ் கிடார், 2024 மே மாதம் நியூயார்க்கில் சுமார் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் வீட்டுக் கிடாருக்கு அந்த விலை வராதுதான். ஆனால், அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்த இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டால், அதை எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். 'எதை மாற்றப் போகிறீர்கள், ஏன், கழற்றியதைத் திருப்பித் தருவீர்களா?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் கிடாரைக் கொடுக்காதீர்கள்.