குளமும் மூச்சு விடுகின்றது

அக்கராயன் குளத்து நீரை வயலுக்குப் பாயும் தண்ணீரென்றே கணக்கிட்டுப் பழகிவிட்டோம். எத்தனை அடி நிற்கின்றது, எத்தனை ஏக்கர் சிறுபோகம் விதைக்கலாம் என்று கேட்கின்றோம். அந்நீர் உயிரோடிருக்கின்றதா என்று கேட்பார் அரியர்.

நீருக்குப் பிராணவாயு கிடைப்பது காற்றிலிருந்தும், பகலொளியில் வளரும் பாசியிலிருந்துமே. 30 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்பது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் மட்டுமே. பகலில் கொடுத்த பாசியே இரவில் அதை உண்கின்றது. விடியற்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனாலேயே. வயல்களிலிருந்து வடியும் பசளை பாசியைப் பெருக்குகின்றது. பெருகிய பாசி மடிந்து அழுகும்போது அடிநீர் மூச்சடைக்கின்றது. ஆகாயத்தாமரை படர்ந்தாலோ காற்றுக்கும் ஒளிக்கும் வழியே இல்லை. அச்செடியை ஒழிக்க 1909 இலேயே கட்டளைச்சட்டம் இயற்றினார்கள். செடி சட்டம் படிக்கவில்லை போலும்!

இந்நோய்க்குத் துடுப்புச் சக்கரமும் காற்றுக்குழாயும் மருந்தென்கின்றனர். மீன் வளர்க்கும் சிறு குட்டைக்கு அவை நல்லவையே. நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓட்டினால் மீன் பிழைக்கும். பரந்த பாசனக் குளத்திற்கு அவற்றைப் பூட்ட நினைப்பது பணத்தை நீரில் எறிவதாகும். அங்கே சோளகக் காற்று எழுப்பும் அலையே இயந்திரம். அது வேலைசெய்ய நீர்ப்பரப்புத் திறந்திருக்க வேண்டும். அழுகிய சேறு அகற்றப்பட வேண்டும். வரத்து வாய்க்கால்களின் ஓரத்துப் புல்லும் மரமும் வெட்டப்படாதிருக்க வேண்டும்.

இவற்றைச் செய்விப்பவர் யார்? பாசனத்திற்கு ஒரு திணைக்களம். சிறு குளங்களுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். மீனுக்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதிகாரசபை. நீரின் மூச்சு எவருடைய கோவையிலும் இல்லை. மாகாணத்திற்குள் அடங்கும் பாசனம் மாகாணசபைக்குரியதென்று 1987 இன் 13 ஆம் திருத்தம் கூறுகின்றது. 2013 இல் மக்கள் தெரிந்த வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. உரிமை ஏட்டிலிருக்க, கேள்வி கேட்கக் கமக்காரனுக்கு வாசலில்லை.

ஆகவே நாம் கோருவது சிறிது. கமக்காரர் அமைப்பிடமும் மீனவர் சங்கத்திடமும் பிராணவாயு அளக்கும் கருவியொன்றைக் கொடுங்கள். கோடையில் வாரந்தோறும் விடியுமுன் எடுத்த அளவைக் குளக்கட்டுப் பலகையில் எழுதட்டும். அளவு 3 மில்லிகிராமுக்குக் கீழிறங்கும் நாளில், மனுவோடு இணைக்கச் சான்று எம் கையிலிருக்கும்.