தாங்கா தோல்வி யாருடையது?

முதல் உலகப் போரின் தொடக்க மாதங்கள் என்றதும் எல்லோரும் மார்ன், டானென்பெர்க் போர்களைச் சொல்வார்கள். நாம் படிக்க வேண்டியது தாங்கா. 1914 நவம்பர் தொடக்கத்தில், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் அந்தத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் எய்ட்கன் சுமார் 8,000 பேரை இறக்கினார். அவர்களில் பாளையங்கோட்டை இலகு காலாட்படையின் சென்னை மாகாணத்து வீரர்களும் உண்டு. எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படை ஏறக்குறைய 1,000 பேர்தான். ஆனாலும் தோற்றது பிரிட்டிஷ் தரப்பு.

இந்தியச் சிப்பாய்கள் சிதறி ஓடினார்கள் என்று பழி அவர்கள் தலையில் விழுந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு நோயுற்றவர்களை, கரையில் ஓய்வுகூடத் தராமல், முன்பின் பார்த்திராத புதருக்குள் அனுப்பியது யார்? தாக்குதலுக்கு முன்பே பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மானியருக்கு அறிவிப்புக் கொடுத்தது. அந்த அவகாசத்தில் அவர்கள் ரயிலில் படையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சண்டையின் நடுவே தேனீக்கள் வீரர்களைக் கொட்டிய கதையைப் பல நூல்கள் சுவைபடச் சொல்கின்றன. எனக்கு அதில் சுவையில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேற உத்தரவிட்டதும் எய்ட்கன்தான், சிப்பாய்கள் அல்ல.