பழைய ஹார்னும் "ஒண்ணும் ஆகாது" கோஷ்டியும்

டாக்டருக்கு டிரக் வயரிங்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. பழைய வண்டிப் பைத்தியம், விடுங்க. #இழை

1950 ஃபோர்டு எஃப்-1. பிறந்தப்ப 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். இப்ப ஆல்டர்னேட்டர் வச்சு 12 வோல்ட் ஆக்குறாங்க. பல்பெல்லாம் மாத்துவாங்க. ஹார்னை மட்டும் "ரெண்டு செகண்ட்தானே அடிக்கிறோம், ஒண்ணும் ஆகாது"ன்னு அப்படியே மாட்டிடுவாங்க.

சுகர் மாத்திரையை நிறுத்திட்டு வர்றவங்க தினமும் என்கிட்ட சொல்ற அதே "ஒண்ணும் ஆகாது".

காயிலோட ரெசிஸ்டன்ஸ் மாறல. வோல்ட் ரெண்டு மடங்குன்னா கரண்ட்டும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. உள்ள பாயின்ட் தீயும். "முன்னைவிட கணீர்னு இருக்கே"ன்னு பூரிக்காதீங்க. அது காய்ச்சல்காரன் முகச்சிவப்பு.

அந்த ரெண்டு செகண்ட் கணக்கு, பட்டன் ஒழுங்கா விடுபடுற வரைக்கும்தான். 70 வருஷத்துப் பட்டன் சிக்கிக்கிட்டா? ஸ்டீயரிங் தண்டுக்குள்ள துணி சுத்தின வயர் உரிஞ்சு பாடியில பட்டா? ஹார்ன் நிக்காது. லைன்ல ஃப்யூஸும் இல்லைன்னா முதல்ல காயில், அப்புறம் வயர். தீக்காய வார்டுல நின்னவன் சொல்றேன், கேளுங்க.

ஹார்னுக்குச் சமமான ரெசிஸ்டன்ஸ்ல, சூடு தாங்குற ரெசிஸ்டர் ஒண்ணை சீரீஸ்ல போடுங்க. இல்லைன்னா காயிலை 12 வோல்ட்டுக்கு ரீவைண்ட் பண்ணுங்க. ரிலேயும் 12 வோல்ட். பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். (6 வோல்ட் காலத்து வயர் தடிமன்தான், அதைக் குறை சொல்லல. செத்துப்போனது மேல்உறை.)

ரெசிஸ்டர் வச்சா "ஒரிஜினல்" கெட்டுடுமாம். ஆல்டர்னேட்டர் மாட்டினப்ப எங்க போச்சு சார் அந்த ஒரிஜினல்?