நெகட்டிவ்னு வந்தா மாத்திரையை நிறுத்திடலாமா?

ரத்த குரூப் ஓ பாசிட்டிவ்னா யாரும் பயப்படறதில்லை. குழந்தைக்காகக் காத்திருந்த வீட்ல டெஸ்ட் பாசிட்டிவ்னா ஸ்வீட் வருது. அதே வார்த்தை எச்.ஐ.வி. ரிப்போர்ட்ல வந்தா வீடே இடிஞ்சு உட்காருது. அந்த ஆளுகிட்டயே "பாசிட்டிவா இருங்க"ன்னு ஆறுதல் வேற சொல்றோம்!

லேப் பாஷையில் பாசிட்டிவ்னா தேடினது இருக்கு. நெகட்டிவ்னா தேடினது தென்படலை. அவ்வளவுதான்.

1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கின சானடோரியம் பேர்ல ரயில்வே ஸ்டேஷனே இருக்கிற ஊர் நம்ம தாம்பரம். இங்கயும், 2 மாசம் மாத்திரை சாப்பிட்டு, சளி டெஸ்ட் நெகட்டிவ் வந்ததும் "சரியாயிடுச்சு"ன்னு நிறுத்துறவங்க இருக்காங்க. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியலைங்கறது மட்டும்தான் அந்த ரிப்போர்ட். நுரையீரலுக்குள்ள இன்னும் ஒளிஞ்சிருக்கலாம். சாதாரண டிபிக்கே 6 மாசம் மருந்து கொடுக்கிறது அதனாலதான். பாதியில் விட்டா நோய் திரும்பலாம், அதுவும் பழைய மாத்திரைக்கு அடங்காத கிருமியா.

இதுக்கு நோயாளியைத் திட்டிப் பிரயோஜனமில்லைங்க. ஒத்தை வார்த்தையைச் சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடற பழக்கத்தை டாக்டர்கள்தான் விடணும். ஓபியில் கூட்டம் நெரியும், தெரியும். ஆனாலும் நீங்க விடாதீங்க. "நெகட்டிவ்னா மாத்திரையை நிறுத்தணுமா, தொடரணுமா டாக்டர்?"னு கேட்டுட்டே எந்திரிங்க.