விலைக்கு வாங்கும் விசாரணைகள்: சிறு வீட்டுப்பணி ஒப்பந்ததாரர் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

குழாய்ப்பணி, மின்பணி, குளிர்சாதனப் பராமரிப்பு, வண்ணப்பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு ஆகிய வேலைகளை ஓரிரு உதவியாளர்களுடன் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர்கள், வாடிக்கையாளர் விசாரணைகளைப் பணம் கொடுத்து வாங்குவது தகுமா என்ற கேள்விக்கு இச்சங்கம் தன் முடிவைத் தெளிவாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. சில நூறு ரூபாய்க் கூலிக்குச் செய்யப்படும் பழுதுபார்ப்பு வேலைகளுக்கு இச்சேவைகள் பயன்தருவதில்லை என்பதும், பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள வேலைகளுக்கும் தொழிலில் புதிதாக இறங்குவோருக்கும் கால வரையறையுடனும் கணக்குடனும் மட்டுமே அவை பயன்தரக்கூடும் என்பதும், நிறுவனங்கள் தம் விற்பனை முறையை எழுத்தில் வெளிப்படுத்தாதவரை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் செய்துகொள்வது எவருக்கும் உகந்ததல்ல என்பதும் இச்சங்கத்தின் நிலைப்பாடாகும்.

தொழில் வட்டாரத்தில் ‘லீட்’ என்று வழங்கப்படுவது, இன்ன பகுதியில் இன்னார் இன்ன வேலைக்கு ஆள் தேடுகிறார் என்ற செய்தியும் அவருடைய கைப்பேசி எண்ணும் சேர்ந்த ஒரு பதிவாகும். இதை விற்கும் முறைகள் மூன்று. தேடுவோர் கண்ணில் முதலில் படும் இடத்தில் பெயரை வைப்பதற்காக ஆண்டுதோறும் அல்லது மாதந்தோறும் பெறப்படும் பட்டியல் கட்டணம் ஒன்று; ஒவ்வொரு விசாரணைக்கும் தனித்தனியே, பெரும்பாலும் முன்பணமாகக் கட்டிய தொகையிலிருந்து, கழித்துக்கொள்ளப்படும் விலை மற்றொன்று; வேலை முடிந்தபின் அதன் கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் தரகு மூன்றாவது. மும்பையில் 1996இல் தொலைபேசிவழித் தகவல் சேவையாகத் தொடங்கிய ஜஸ்ட் டயல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகா ஆகியவற்றின் வழியே முதல் இரண்டு முறைகளும் தமிழ்நாட்டின் பிளம்பர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் நன்கு அறிமுகமாயின.

இச்சேவைகளின் மதிப்பை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு விசாரணையின் விலையைப் பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது கைக்கு வந்த ஒரு வேலையின் விலையாகும். ஒரு விசாரணையின் விலை 100 ரூபாய் என்று கொண்டால், 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியுடன் அது 118 ரூபாயாகிறது. அதே விசாரணை நான்கு ஒப்பந்ததாரர்களுக்கு விற்கப்படுமானால், அந்த ஒரு வீட்டுக்காரருக்காகத் தொழிலாளர் தரப்பிலிருந்து செல்லும் தொகை 472 ரூபாய். விசாரிப்பவர்களில் பாதிப்பேர் விலையை மட்டும் அறிந்துகொண்டு எவருக்கும் வேலை தராமல் விட்டுவிட்டால், உண்மையில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் 944 ரூபாய் செலவாகியிருக்கும். இத்தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவையே. ஊருக்கும் வேலைக்கும் ஏற்ப அவை மாறும். ஆனால் கணக்கின் அமைப்பு மாறாது. ஒழுகும் குழாயை மாற்றுவதற்கு 500 ரூபாய் கூலி பெறுபவர், அந்த வேலையைப் பெறுவதற்கு 944 ரூபாய் செலவிடும் முறையில் நெடுநாள் நீடிக்க முடியாது.

அழைப்பு வந்த நொடியிலேயே பேசினால், நயமாகப் பேசினால், முதல் ஆளாக வீட்டு வாசலில் நின்றால் இலாபம் பார்க்கலாம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் கூறுவதுண்டு. தனியொருவரைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. விரைந்து பேசுபவர் அந்த வேலையைப் பெறுவார். ஆனால் அவர் பெற்றது மற்ற மூவர் இழந்ததே ஆகையால், நால்வரின் மொத்தச் செலவு ஒரு ரூபாயும் குறைவதில்லை. நால்வரும் விரைவாகப் பேசக் கற்றுக்கொண்டபின் முன்னவரின் சிறப்பும் மறைந்துவிடும். சங்கம் என்ற அமைப்பு உறுப்பினர் அனைவரையும் ஒருசேரக் கருத வேண்டியிருப்பதால், ஒருவர் திறமையால் தப்பிக்கலாம் என்ற வாதத்தை ஏற்க இயலவில்லை. இச்செலவு ஒப்பந்ததாரரோடு நின்றுவிடுவதுமில்லை. கூலியை உயர்த்தியோ, பொருளின் தரத்தைக் குறைத்தோ அவர் அதை ஈடுசெய்ய நேர்வதால், கட்டணமின்றித் தகவல் பெற்றதாக எண்ணும் வீட்டுக்காரரே இறுதியில் அதைச் சுமக்கிறார்.

மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு, முழு வீட்டுக்கும் வண்ணப்பூச்சு, குளியலறைச் சீரமைப்பு போன்ற வேலைகளில் நிலைமை வேறு. 40,000 ரூபாய் மதிப்புள்ள நீர்க்கசிவுத் தடுப்பு வேலையில், பொருட்செலவும் ஆள்கூலியும் போக 8,000 ரூபாய் மிஞ்சுமானால், 944 ரூபாய் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான், அதைத் தாங்கலாம். குளிர்சாதனப் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தல் போல ஆண்டுதோறும் திரும்ப வரும் வேலைகளிலும் முதல்முறை ஏற்பட்ட இழப்பு அடுத்தடுத்த முறைகளில் ஈடாகலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை ஒப்பந்ததாரரை நேரடியாக அழைத்தால்தான் அது நடக்கும். அவர் மீண்டும் அதே செயலிக்குள் சென்று தேடினால், அதே மனிதருக்காக இரண்டாம் முறையும் விலை கொடுக்க நேரும். பெரிய வேலைகளிலும் ஓர் ஆபத்து உண்டு. நால்வர் போட்டியிடும்போது, பெரும்பாலும் மிகக் குறைந்த மதிப்பீடு தந்தவருக்கே வேலை கிடைக்கிறது. அவர் விரிசலின் ஆழத்தையோ சுவரின் ஈரத்தையோ சரியாகக் கணிக்கத் தவறியதால் குறைத்துச் சொன்னவராகவும் இருக்கக்கூடும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்து, விருதுநகரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வந்து தொழில் தொடங்கும் இளைஞருக்கு அறிமுகமான மேஸ்திரியும் இல்லை, தெரிந்த ஹார்டுவேர் கடைக்காரரும் இல்லை. அவருக்கு முதல் இருபது முப்பது வீடுகளின் கதவைத் திறந்துவிடும் வழியாக விசாரணைச் சேவை பயன்படுவதை இச்சங்கம் மறுக்கவில்லை. அச்செலவைத் தொழில் தொடங்கும் முதலீட்டின் ஒரு பகுதியாக, மூன்று மாதங்கள் என்ற எல்லைக்குள் வைத்துக்கொள்வது முறையானது. பல ஆண்டுகளாக ஒரே பகுதியில் வேலை செய்பவருக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி மெக்கானிக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரை ஒட்டி நீர்க்கசிவுத் தடுப்பாளரும் ஏற்கெனவே கைநிறைய வேலையோடு இருக்கும் நாட்களில்தான் விசாரணைகளும் குவிகின்றன. வேலை தேவைப்படும் மந்தமான மாதங்களில் அவையும் வறண்டுவிடுகின்றன. ஆண்டுச் சந்தா இவ்விரு காலங்களுக்கும் ஒரே கட்டணத்தைப் பெற்றுக்கொள்கிறது.

வாங்கப்படும் விசாரணையின் தரம் பற்றிய ஐயத்துக்கு அமெரிக்காவில் அரசு ஆவணங்களே சான்றாக உள்ளன. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், வீட்டுப்பணி விசாரணைகளை ஒப்பந்ததாரர்களுக்கு விற்கும் ஹோம்அட்வைசர் நிறுவனத்தின்மீது 2022 மார்ச்சில் முறையீடு பதிவு செய்தது. ஆள் அமர்த்தும் நோக்கம் உடையவர்களின் விசாரணைகளே தரப்படும் என்ற கூற்றும், அவை எங்கிருந்து வருகின்றன என்பது பற்றிய கூற்றும், எத்தனை விசாரணைகள் வேலையாக மாறுகின்றன என்ற கூற்றும் தவறாக வழிநடத்துவன என்றும், முதல் மாதம் இலவசம் என்று சொல்லப்பட்ட ஒரு கூடுதல் சேவைக்குக் கட்டணம் பெறப்பட்டது என்றும் அந்த முறையீடு கூறியது. 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆணைப்படி, பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர்களுக்காக 72 லட்சம் டாலர் வரை செலுத்த அந்நிறுவனம் கட்டுப்பட்டது. விசாரணையின் தரத்தை வாங்குவதற்கு முன் சோதிக்க ஒப்பந்ததாரருக்கு எந்த வழியும் இல்லாததே இந்த வழக்கின் அடிப்படை. இந்தியச் சந்தையிலும் அதே நிலைதான் உள்ளது.

தரகு முறைக்கு மாறினால் இச்சிக்கல் தீரும் என்ற கருத்தும் ஆய்வுக்குரியது. 2014இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கி, வாடிக்கையாளர் கோரிக்கைகளைத் தொழிலாளருக்கு அனுப்பிவந்த நிறுவனம், பின்னர் விலையையும் தரத்தையும் தானே நிர்ணயிக்கும் முறைக்கு மாறி, 2020இல் அர்பன் கம்பெனி எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கிடைக்காத வேலைக்குப் பணம் கட்டும் நிலை இம்முறையில் குறைகிறது. ஆனால் கூலியை நிர்ணயிக்கும் உரிமை கைமாறிவிடுகிறது. 2021 அக்டோபரில் குருகிராமில் அந்நிறுவனத்தின் அழகுக்கலைப் பெண் பணியாளர்கள் தரகு விகிதத்தை எதிர்த்துப் போராடியது இதன் விளைவேயாகும்.

சட்டப் பாதுகாப்பிலும் சிறு ஒப்பந்ததாரர் இடைவெளியில் நிற்கிறார். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயை எட்டாத சேவையாளர் சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு செய்யத் தேவையில்லை என்பதால், செலுத்திய வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு அவருக்குக் கிடைப்பதில்லை. பெரிய நிறுவனம் திரும்பப் பெறும் அந்த 18 விழுக்காடு அவருக்கு முழுச் செலவாகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகார் என்பது பொதுவிதி. சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவருக்கு அதில் விலக்கு உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2002இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், இந்த விலக்கு பொருள்களோடு சேவைகளையும் உள்ளடக்கியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமோ பொருள்களை மட்டுமே குறிப்பிடுகிறது. துளையிடும் கருவியை வாங்கி ஏமாறிய எலக்ட்ரீஷியன் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். விசாரணைச் சேவையை வாங்கி ஏமாறிய அதே எலக்ட்ரீஷியன், முதலில் தாம் நுகர்வோர்தாமா என்ற வாதத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. சந்தாவிலிருந்து வெளியேற முடியாதபடி பின்னப்படும் பொறிகளைத் தடைசெய்து 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு விதிகளும் நுகர்வோரை மையமாகக் கொண்டவையே என்பதால், இந்த இடைவெளி அங்கும் தொடர்கிறது.

ஆகவே, சுயதொழிலுக்காகப் பெறப்படும் சேவைகளை அந்த விலக்கில் மீண்டும் சேர்க்குமாறு ஒன்றிய அரசை இச்சங்கம் வலியுறுத்துகிறது. விசாரணை விற்கும் நிறுவனங்கள், ஒரு விசாரணை அதிகபட்சம் எத்தனை பேருக்கு விற்கப்படும் என்பதையும், அது எந்த வழியில் திரட்டப்பட்டது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அழைப்பை எடுக்காத எண், வேறு ஊர், வேறு வேலை ஆகியவற்றுக்கான தொகையைப் பணமாகவே திருப்பித் தர வேண்டும். விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகத் தரும் உறுதிகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்ததாரர் எழுதிக் கேட்காமல் சந்தாவைப் புதுப்பிக்கக் கூடாது.

உறுப்பினர்கள் ஒவ்வொரு விசாரணையின் நாள், விலை, கிடைத்த வேலை, அதில் நின்ற தொகை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்து, மூன்று மாத முடிவில் ஒரு வேலைக்கான செலவு அவ்வேலையில் மிஞ்சும் தொகையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுமானால் அச்சேவையை விட்டுவிட வேண்டும். அதே பணத்தையும் நேரத்தையும் கட்டணமில்லாத கூகுள் வணிகப் பக்கத்தைப் படங்களுடன் சீராக வைத்திருப்பதிலும், பகுதியிலுள்ள ஹார்டுவேர், பெயின்ட் கடைகளோடும் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களோடும் உறவை வளர்ப்பதிலும், முடித்த வேலையை ஆறு மாதம் கழித்து ஒருமுறை கேட்டறிவதிலும் செலவிடுவது கூடுதல் பயன்தரும். மேற்கூறிய விவரங்களை எழுத்தில் தர மறுக்கும் எந்த நிறுவனத்துடனும் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்றும், தானியங்கிப் பணப் பிடித்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்றும் உறுப்பினர் அனைவரையும் இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.