கேலி என்னும் பெயரில் மறையும் சாதி: கத்தோலிக்கப் பள்ளிகளின் முன்னுள்ள கடமை

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படிப்பவர்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவன் வாழும் தெருவின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். அவன் தொட்ட தண்ணீர்ப் பாட்டிலை மற்றொருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிகிறான். வகுப்பே சிரிக்கிறது. பல நாள் பொறுத்தபின் அவன் புகார் செய்கிறான். தலைமை ஆசிரியர் இரு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்கச் செய்கிறார். ‘ஒருவரையொருவர் மன்னித்து அன்பாக இருங்கள்’ என்ற அறிவுரையோடு விசாரணை முடிகிறது. புகார் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அடுத்த வாரம் முதல் அந்த மாணவனுக்குக் ‘கோள் சொல்லி’ என்ற பட்டமும் சேர்ந்துகொள்கிறது.

இது ஏதோ ஒரு பள்ளிக்கு மட்டும் உரிய காட்சியன்று. தமிழ்நாட்டில் தலித் பெற்றோர் பலருக்குப் பழக்கமான நடைமுறை இது. கத்தோலிக்கப் பள்ளிகளில் இதற்கு மன்னிப்பு என்னும் சமயச் சொல்லும் துணை நிற்கிறது. மன்னிப்பு உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தவறு இன்னதென்று பெயரிடப்படாத இடத்தில், தவறிழைத்தவர் அதை ஒப்புக்கொள்ளாத நிலையில், பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் மட்டும் கோரப்படும் மன்னிப்பு, அப்பிள்ளையை வாய்மூடச் செய்வதற்கான கட்டளையாகவே முடிகிறது.

சாதியத் துன்புறுத்தலைச் சிறுவர் சண்டையாகக் கருதுவதன் விளைவு என்ன என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, அதே பள்ளியைச் சேர்ந்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டார். தொடர்ந்த துன்புறுத்தலால் அம்மாணவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார். பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அதன் பின்னரே தாக்கப்பட்டார். புகார் செய்த பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்து சேருமுன், புகார் பற்றிய செய்தி தாக்கியவர்களைச் சென்றடைந்துவிட்டது. எனவே, ‘ஏன் புகார் செய்யவில்லை?’ என்று பிள்ளைகளைக் கேட்பதற்கு முன், புகார் செய்தவர் பாதுகாப்பாக வீடு திரும்ப என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பள்ளிகளை நாம் கேட்க வேண்டும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் தடை செய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல், 500 மாணவர்களுக்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலரை நியமித்தல் எனப் பல பரிந்துரைகளை அது முன்வைத்தது. 2019இல் வண்ணக் கயிறுகளுக்கு எதிராகப் பள்ளிக்கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கை, எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அரசு பின்வாங்கும் இடங்களில்கூடத் தாமாக முன்செல்லும் வாய்ப்பு கத்தோலிக்க நிர்வாகங்களுக்கு உண்டு. தம் வளாகத்தில் கயிற்றைக் கழற்றச் சொல்ல அவர்களுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

கத்தோலிக்கப் பள்ளியின் பொறுப்பு கூடுதலாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரே வகுப்பில், ஒரே சாதியில் பிறந்த இரு மாணவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரையும் ஒரே சாதிப் பெயர் சொல்லி ஒருவன் இழிவுபடுத்துகிறான். முதலாமவருக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும். இரண்டாமவருக்கு அச்சட்டம் இல்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை, கிறித்தவரையும் இசுலாமியரையும் இன்றளவும் வெளியே நிறுத்தியுள்ளது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். மதம் மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் தீர்மானமாகவே இருக்கிறது.

கல்விச் சட்டத்திலும் இதே வெற்றிடம்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் அளித்த தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் ஓர் அமர்வு அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. ஆக, கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் தலித் கத்தோலிக்கப் பிள்ளையை ஒரு சட்டம் மதத்தைக் காட்டிக் கைவிடுகிறது. மற்றொரு சட்டம் பள்ளியின் சிறுபான்மைத் தகுதியைக் காட்டிக் கைவிடுகிறது.

இதனால் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வழியே இல்லை என்று பொருளாகாது. சிறுபான்மையோரின் நிர்வாக உரிமையில் சீர்கெட்ட நிர்வாகத்துக்கான உரிமை அடங்காது என்று 1958இல் கேரளக் கல்வி மசோதா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் உறுப்பு எந்த மதத்துக்கும் விலக்கு அளிக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே கவனியாது விட்டு மன வேதனைக்கோ உடல் வேதனைக்கோ ஆளாக்கினால் தண்டனை உண்டு என்கிறது. விடுதி நடத்தும் ஒவ்வொரு நிர்வாகமும் அறிந்திருக்க வேண்டிய பிரிவு இது.

திருச்சபைக்கோ தன் சொந்த வாக்குறுதிகளே போதிய அடிப்படை. கிறித்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்று 2003இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்மீது அதே மறையைச் சேர்ந்தோர் நடத்திய தாக்குதலும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் பிரிவினைச் சுவரும் அந்த ஒப்புதலுக்குச் சான்றுகள். கோயிலிலும் கல்லறையிலும் இருக்கும் சாதி, மதிலைத் தாண்டி வகுப்பறைக்குள் நுழையாது என்று நம்புவது பேதைமை. பல ஊர்களில் பங்குத்தந்தையே பள்ளித் தாளாளர். தேர்த் திருவிழாவை முன்னின்று நடத்தும் குடும்பத்தின் மகன்மீது புகார் வரும்போது, அவர்மேல் விழும் அழுத்தத்தை ஊகிப்பது கடினமன்று.

தலித் குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கிய பல பள்ளிகளும் விடுதிகளும் கத்தோலிக்கத் துறவியர் நடத்தியவையே. அந்த வரலாற்றை மதிப்பதாலேயே நாம் பின்வருவனவற்றைக் கோருகிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு பள்ளியிலும் தனிப் புகார் ஏடு வேண்டும். பிள்ளை சொன்ன சொற்களிலேயே புகார் பதியப்பட வேண்டும். சாதிச் சொல் இருந்தால் அதைக் ‘கெட்ட வார்த்தை’ என்று மாற்றி எழுதலாகாது. பெற்றோருக்கு நகல் தரப்பட வேண்டும்.

இரண்டாவதாக, குற்றஞ்சாட்டப்பட்டவர் முன் நிறுத்திப் பிள்ளையை விசாரிக்கக் கூடாது. வீடு திரும்பும் வழி, பேருந்து, விடுதி அறை ஆகியவற்றில் பாதுகாப்பை உறுதி செய்த பின்னரே எதிர்த் தரப்பை அழைக்க வேண்டும்.

மூன்றாவதாக, பாதிக்கப்பட்டவரைப் பிரிவு மாற்றுவதும், மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்லுமாறு தூண்டுவதும் நிற்க வேண்டும். இடம் மாற வேண்டிய தேவை எழுந்தால் அது துன்புறுத்தியவருக்கே உரியது.

நான்காவதாக, தாளாளர் ஒருவரே நீதிபதியாக இருக்கலாகாது. தலித் பெற்றோரும் பெண்களும் நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர்களும் இடம்பெறும் குழு வேண்டும். ஆசிரியர் அல்லது துறவியர் மீதான புகாரை மறைமாவட்ட அளவில் விசாரிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, துன்புறுத்திய பிள்ளையும் பிள்ளையே. அவனைச் சிறைக்கு அனுப்புவது நம் நோக்கமன்று. அவன் பெற்றோரை அழைத்து, நடந்தது சாதிக் குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்லி, தொடர்ந்து கண்காணித்துத் திருத்துவதே வழி. சாதியை அவனுக்குக் கற்றுத்தந்தவர்கள் பெரியவர்கள், பொறுப்பும் அவர்களுடையதே.

தடுப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. கல்வி உதவித்தொகைக்காகச் சாதியைச் சொல்லி வகுப்பில் எழுந்து நிற்கச் செய்வது, கழிப்பறைத் தூய்மைப் பணிக்குக் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளையே அனுப்புவது, விடுதி அறைகளை ஊர்வாரியாகப் பிரிப்பது ஆகியவற்றை நாளையே நிறுத்தலாம். மறைக்கல்வி வகுப்பிலும் நன்னெறி வகுப்பிலும் சாதியைப் பாவம் என்று பெயர் சொல்லிக் கற்பிக்கலாம். ஆசிரியர் நியமனத்தில் தலித்துகளுக்கு உரிய பங்கை அளிக்கலாம். தன் சாதியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரேனும் இருக்கும் பள்ளியில் பிள்ளை வாய்திறக்கத் துணிவது எளிது.

செயற்பாட்டாளர்களும் கல்லூரி மாணவர்களும் இங்கே செய்யக்கூடியது உண்டு. தாம் படித்த பள்ளிகளுக்குச் சென்று, புகார் ஏடு இருக்கிறதா, கடைசியாக எப்போது பதிவு செய்யப்பட்டது என்று கேளுங்கள். ஏடு வெறுமையாக இருந்தால், சாதி இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பேச அஞ்சுகிறார்கள் என்று கொள்ளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியல் சாதித் தகுதிக்கான நம் போராட்டம் தில்லியில் நீடிக்கும். அது முடியும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. தெருப் பெயரால் அழைக்கப்படும் மாணவன் நாளைக் காலையும் அதே வகுப்புக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது.