லிமிட்டேஷன் யாருடையது?



"லிமிட், லிமிட்டேஷன், ரெஸ்ட்ரிக்‌ஷன் எல்லாம் ஒண்ணுதானே சார், எதைப் போட்டா என்ன?" என்று நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரலை வேறு உயர்த்தியிருக்கிறீர்கள். ஒன்றே இல்லை.

லிமிட் என்பது எல்லை. நெடுஞ்சாலைப் பலகையில் இருக்கும் எண், அவ்வளவுதான். ரெஸ்ட்ரிக்‌ஷன் என்றால் ஒருவர் போட்ட தடை. போட்டவரைக் கேள்வி கேட்கலாம். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில், பேச்சுரிமைக்கு அரசு போடும் தடைக்கு அந்தச் சொல்தான் வருகிறது. 1951இல் முதல் திருத்தத்தின்போது அதற்கு முன்னால் 'ரீசனபிள்' என்று சேர்த்தார்கள். "இது நியாயமான தடையா?" என்று நீதிமன்றம் இன்றைக்கும் அரசைக் கேட்பது அந்தச் சொல்லை வைத்துத்தான்.

லிமிட்டேஷன் ஒருவருக்குள்ளேயே இருக்கும் இயலாமை. எனக்கு இப்போது காது மந்தம். அது என் லிமிட்டேஷன். அதற்கு யாரைப் போய்க் கேட்பது? (வக்கீல் மாணவர்கள் 1963ஆம் ஆண்டு லிமிட்டேஷன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அது வழக்குப் போடும் காலக்கெடு, கோர்ட் பாஷை.)

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய மாணவி ஒருத்தியின் மகன் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறான். கம்ப்யூட்டர் லேப் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. "மாணவனின் லிமிட்டேஷன் காரணமாக" செய்முறை வகுப்பிலிருந்து விலக்கு அளிப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. விலக்காம்! ஏதோ சலுகை மாதிரி. மாடிப்படியைப் பையனா கட்டினான்? ஒரே சொல்லில் கட்டடத்தின் குறையைப் பிள்ளையின் உடம்புக்குள் தள்ளிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், அதைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணே "அவனால முடியாதுதானே சார்" என்கிறாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். உடற்குறை தடைகளோடு சேரும்போதுதான் ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறது என்கிறது அது. தடைக்கு அது எடுத்த சொல் பேரியர். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, தன் கட்டடத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும் என்று 16ஆவது பிரிவு சொல்கிறது.

பதில் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். லிமிட்டேஷன் இருந்த இடத்தில் பேரியர் என்று போட்டு, லேப் எந்தத் தேதியில் கீழ்த்தளத்துக்கு வரும் என்று கேட்டிருக்கிறோம். வாசலில் சாய்தளம் வைக்கவும் அளவெடுக்க வேண்டும். சிவில் படித்தவர்கள் யாராவது வர முடிந்தால் போன் செய்யுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசவும்.